இறங்குகிற நாளிலிருந்து தொடங்குங்கள்

(நமது நலச்சங்கத்தின் மார்ச் மாதக் குடும்பச் சந்திப்பில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் பேசியதன் எழுத்து வடிவம்.)

முன் வரிசையில் உட்கார்ந்து சுண்டல் எப்போது வரும் என்று குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரும் மே மாதம் நம் குடியிருப்பிலிருந்து ஏழு குடும்பங்கள் சேர்ந்து நீலகிரிக்குக் காரில் போகப் போவதாகச் செயலாளர் சொன்னார். "நீங்க அடிக்கடி போறவர், பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்றார். முப்பத்திரண்டு வருடம் வகுப்பெடுத்தவனிடம் பத்து நிமிடம் என்று சொன்னது அவருடைய தப்பு.

நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தை வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. முதல் நாள் அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, இரவுக்குள் ஊட்டி. நடுவில் மூன்று நாள் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, குன்னூர் சிம்ஸ் பூங்கா. ஐந்தாம் நாளுக்கு ஒரே ஒரு வரி: "காலை டிபன் முடித்து சென்னை." அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். ஏனென்றால் எட்டு வருடம் முன்பு என் நோட்டிலும் அதே வரி இருந்தது.

அப்போது நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், என் அம்மா, ஐந்து பேர் போயிருந்தோம். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. கடைசி நாள் ஊட்டியில் கிளம்பவே பதினொன்றரை ஆகிவிட்டது. வர்க்கி வாங்க வேண்டும், தைலம் வாங்க வேண்டும், ஓட்டல் பில்லில் ஒரு தகராறு. மறுநாள் காலை எனக்குப் பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு. கோத்தகிரி வந்ததும் அம்மா, "ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமேடா" என்றாள். "நேரமாச்சும்மா, கீழே போய்க் குடிக்கலாம்" என்றேன்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர். சமவெளியில் முப்பது நிமிடத்தில் போகிற தூரம்தானே என்று ஒரு கணக்கு என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. டீசல் மிச்சமாகட்டும் என்று நாலாவது கியரில் விட்டுவிட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் ஏதோ கருகுகிற வாசனை. மனைவி, "யாரோ குப்பை எரிக்கிறாங்க போல" என்றாள். நானும் ஆமாம் என்றேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. வண்டி குறைகிறது, ஆனால் நான் நினைத்த இடத்தில் குறையவில்லை.

பின்னால் கேரட் மூட்டை ஏற்றி வந்த ஒரு லாரி. விடாமல் ஹாரன். வழி கேட்கிறான் என்று எரிச்சலோடு ஓரம் கட்டினேன். லாரி என் முன்னால் வந்து நின்றது. டிரைவர் இறங்கி ஓடி வந்தார். "சார், பிரேக்கு கருகுதுங்க. பின்னாடி எனக்கு வாசம் அடிக்குது, உங்களுக்குத் தெரியலைங்களா?"

முன் சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊத்திராதீங்க. சூட்டுல ஊத்துனா டிஸ்க்கு கோணிக்கும், வெடிச்சாலும் வெடிக்கும். முக்கா மணி நேரம் சும்மா நிக்கட்டுங்க." சக்கரத்துக்கு ஒரு கல்லை அவரே வைத்தார். போகும்போது, "எந்த கியர்ல இந்த மேட்டை ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்கோணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவன். நிலை ஆற்றல் என்று வருடா வருடம் போர்டில் எழுதுபவன். சாலையோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டேன். கோத்தகிரி ஏறத்தாழ 1,790 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 320 மீட்டர் அளவில் இருக்கிறது. என் வண்டி ஐந்து பேரும் லக்கேஜுமாக 1,600 கிலோ. அத்தனை எடையை அத்தனை உயரத்திலிருந்து இறக்கினால் வெளியே வருகிற ஆற்றல் ஆறு யூனிட் மின்சாரத்துக்கு மேல். இங்கே எல்லோருக்கும் ஈ.பி. கார்டு தெரியும். ஒன்றரை டன் ஏ.சி. நாலு மணி நேரம் ஓடுகிற யூனிட் அது. அதில் ஒரு பகுதி டயர் உராய்விலும் காற்றிலும் போய்விடும். மிச்சமெல்லாம் இரண்டே இடத்தில்தான் போக முடியும். ஒன்று எஞ்சின், இன்னொன்று பிரேக். எஞ்சினுக்கு நான் வேலை கொடுக்கவில்லை. நாலு சக்கரத்தில் இருக்கிற உள்ளங்கை அகல பிரேக் பேடுகள் தலையில் எல்லாவற்றையும் கட்டினேன்.

பெடல் ஏன் பஞ்சு மாதிரி ஆகிறது என்று ஒருவர் கை தூக்குகிறார். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெதுவாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் கொதிநிலை இறங்கிவிடும். பிரேக் அளவுக்கு மீறிச் சுட்டால் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழி வரும். திரவத்தை அழுத்தினால் விசை அந்தப் பக்கம் போகும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். நீங்கள் மிதிப்பது சக்கரத்துக்குப் போய்ச் சேராது. என் வண்டியில் ஆயில் மாற்றி நாலு வருடம் ஆகியிருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்றுதான் பெரும்பாலான கார்களின் கையேட்டில் இருக்கிறது.

அந்த முக்கால் மணி நேரத்தில் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது. அம்மா சுவர் ஓரமாக உட்கார்ந்து எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தாள். கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயில். "அஞ்சு நாளா சுத்தறோம், இப்பத்தான்டா மலையைப் பாக்கறேன்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

தப்பு பிரேக்கில் இல்லை, நான் போட்ட டைம்டேபிளில். சாயங்காலத்துக்குள் சேலம், ராத்திரிக்குள் சென்னை என்று எழுதி வைத்தவன், இறக்கத்தில் இரண்டாவது கியர் போட மாட்டான். டீக்கு நிற்க மாட்டான். வாசனை வந்தாலும் குப்பை என்றுதான் சொல்வான்.

அதனால் உங்கள் திட்டத்தைத் தலைகீழாகப் போடச் சொல்கிறேன். கடைசி நாளில் ஆரம்பியுங்கள். மலை இறங்குகிற நாளன்று சென்னைக்கு வந்து சேர வேண்டாம். காலையில் நிதானமாக இறங்கி, ஈரோட்டிலோ சேலத்திலோ ஒரு ராத்திரி தங்குங்கள். மறுநாள் மதியத்துக்குள் வீடு. ஒரு நாள் லீவு கூடுதலாக வேண்டும் என்றால், மேலே ஒரு நாளைக் குறையுங்கள். படகு இல்லம் எங்கும் ஓடிவிடாது.

இறங்குவதைக் காலையில் ஏன் வைக்க வேண்டும் என்றால், மே மாதம் மதியத்துக்கு மேல் மலையில் கோடை மழை பிடிக்கும், கூடவே பனிமூட்டம். காலை எட்டு எட்டரைக்குக் கோத்தகிரியை விட்டால் சாலையும் தெரியும், உங்கள் கண்ணும் களைத்திருக்காது. 33 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். நடுவில் ஒரு டீ. மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் எண்ணாதீர்கள், மணியில் எண்ணுங்கள். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

சீசன் நேரத்தில் பெரும்பாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள். ஆக நீங்கள் எல்லோரும் நான் நின்ற அதே சாலையில்தான் வரப் போகிறீர்கள். மேனுவல் கியர் என்றால் இரண்டு, சாய்வு குறைவான இடத்தில் மூன்று. எஞ்சின் கத்தும், கத்தட்டும், அதற்கு ஒன்றும் ஆகாது. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். தொட்டுக்கொண்டே வராதீர்கள். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் டி-யிலேயே விட்டு இறங்க வேண்டாம். எல், எஸ் அல்லது மேனுவல் மோடு என்று ஏதாவது ஒன்று இருக்கும். அது எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே பேஸ்மென்ட் ராம்ப்பில் பழகிக்கொள்ளுங்கள், குஞ்சப்பனையில் வைத்துப் பழகாதீர்கள். நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை அணைப்பதும் கூடவே கூடாது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணையாக இருக்கும் வெற்றிடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

ஏ பிளாக்கில் இரண்டு பேர் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறீர்கள். மலைக்கு அது நல்ல வண்டி. இறங்கும்போது நான் சொன்ன ஆறு யூனிட்டில் ஒரு பங்கு பேட்டரிக்கே திரும்பி வரும். ஆனால் ஒரு விஷயம். மேலே தங்குமிடத்தில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதம் நிரப்பிவிட்டு இறங்காதீர்கள். நிரம்பின குடத்தில் தண்ணீர் ஏறாது. பேட்டரியில் இடமில்லை என்றால் மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்துவது குறைந்துவிடும், பாரம் மறுபடி பிரேக்குக்குப் போகும். எண்பதோடு நிறுத்துங்கள்.

சரி, இனி முதல் நாள். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 530 கிலோமீட்டர். குழந்தைகள், வயசானவர்கள், சாப்பாடு, பாத்ரூம் எல்லாம் சேர்த்தால் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. அதற்கப்புறம் களைத்த கண்ணோடு இருட்டில் 14 கொண்டை ஊசி வளைவு ஏறுவானேன்? கீழேயே தங்குங்கள். மறுநாள் காலை ஏறினால்தான் பர்லியாறு தாண்டும்போது காற்று மாறுவது தெரியும். அந்த இடத்தில் பழக்கடைகள் இருக்கும், நிறுத்துங்கள். பிள்ளைகளிடம் சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டுங்கள், மேட்டுப்பாளையத்தில் தட்டையாக இருந்தது குன்னூரில் பலூன் மாதிரி உப்பியிருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான். வாத்தியார் புத்தி, மன்னித்துவிடுங்கள்.

இ-பாஸ் பற்றி எல்லோரும் கேட்டீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். கட்டணம் கிடையாது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. அதனால் கல்லாறு செக்போஸ்டில் நின்றுகொண்டு போனில் பதிவு செய்யலாம் என்று இருக்காதீர்கள், சிக்னலும் இருக்காது, இடமும் இருக்காது. தேதி முடிவானதும் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக எடுத்து, பிரிண்ட் ஒன்று வண்டியில் வையுங்கள். முடிந்தால் ஞாயிறு ஏறி வியாழன் இறங்குகிற மாதிரி இல்லாமல், திங்கள் ஏறி வெள்ளி காலை இறங்குங்கள். வால்பாறைக்குப் போகலாமா என்று யோசிக்கும் இரண்டு குடும்பங்களுக்கும் சொல்கிறேன், அங்கேயும் 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் உண்டு. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. அழகு என்று பார்த்தால் என் ஓட்டு வால்பாறைக்குத்தான், ஆனால் வயிறு பிரட்டுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் குன்னூரே போதும்.

வயிறு பிரட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்காது உடம்பு சுழல்கிறது என்கிறது, போனைப் பார்க்கும் கண் ஒன்றும் அசையவில்லை என்கிறது. மூளை குழம்பி இட்லியை வெளியே அனுப்புகிறது. எனவே வளைவுச் சாலையில் போனை வாங்கி வைத்துவிடுங்கள், முன்னால் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே லேசாகச் சாப்பாடு. மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில், ஆளுக்கொன்று. நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் தடை பல வருடமாக இருக்கிறது, செக்போஸ்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாலையோரத்தில் தண்ணீர் ஏ.டி.எம். இருக்கிறது, பிடித்துக்கொள்ளலாம்.

கூகுள் மேப்பை நம்பி ஒரு காரியம் மட்டும் செய்யாதீர்கள். ஊட்டியிலிருந்து முதுமலை யானை முகாம் பார்க்கலாம் என்று தட்டினால், கல்லட்டி வழியாக மசினகுடி என்று குறுக்கு வழி காட்டும். 36 கொண்டை ஊசி வளைவு, அதுவும் செங்குத்துச் சரிவு. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து போன ஏழு பேரின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். இருவர்தான் பிழைத்தார்கள். வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்க இப்போது அனுமதி இல்லை. கூடலூர் சுற்றிப் போனால் தூரம் இரண்டு மடங்கு. இருக்கட்டும். அங்கிருந்து அப்படியே பந்திப்பூர் பக்கம் போகிறவர்கள், இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை காட்டுச் சாலை மூடியிருக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

ஏழு வண்டியும் ஒன்றன் பின் ஒன்றாக ரயில் மாதிரி போகாதீர்கள். ஒரு வளைவு இடைவெளி விடுங்கள். கடைசி வண்டி காணோமே என்று முதல் வண்டி வளைவில் நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. சந்திக்கும் இடங்களை முன்கூட்டியே பேசி வையுங்கள், பர்லியாறு, குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம், கோத்தகிரி என்று. குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும், அது மரியாதை மட்டுமல்ல, சட்டமும் அதுதான். அரசுப் பேருந்து கொண்டை ஊசியில் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும், வேறு வழியில்லை. எதிரில் தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தால், கிளம்பும்போது எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வாருங்கள். பின்னால் பைக்கில் வருகிற பையன் அதில் ஏறுவான்.

டிரைவர் வைத்துப் போகிறவர்கள் மூன்று வீடு என்று நினைக்கிறேன். ஓட்டல் புக் செய்யும்போது அவருக்கும் ஒரு படுக்கை உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஊட்டிக் குளிரில் வண்டிக்குள் சுருண்டு படுத்த மனிதரிடம் காலையில் உங்கள் பிள்ளைகளை ஒப்படைக்கிறீர்கள். "அவருக்குப் பழக்கம்தான் சார்" என்று நம் லிஃப்டிலேயே ஒருவர் என்னிடம் சொன்னார். பழக்கம் வேறு, தூக்கம் வேறு.

சொந்தமாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஓட்டுகிறவன் மலையைப் பார்ப்பதே இல்லை. "அந்த அருவி பாத்தீங்களா" என்று பின்னாலிருந்து குரல் வரும், நமக்குத் தெரிவது முன்னால் போகும் பஸ்ஸின் முதுகு. அதனால் நடுவில் ஒரு நாள் சாவியை அறையிலேயே வைத்துவிட்டு, குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போங்கள். 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை, 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. குன்னூர் ஊட்டி இடையே 19 கிலோமீட்டர்தான், ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து நீங்களும் பார்க்கலாம். சீசனில் டிக்கெட் சீக்கிரம் தீரும், இன்றைக்கே பாருங்கள். கிடைக்காவிட்டால் அரசுப் பேருந்து இருக்கிறது, ஜன்னல் அதிலும் உண்டு.

இறங்குகிற நாளுக்கு முந்தின ராத்திரியைக் கோத்தகிரியிலேயே தங்குகிற மாதிரி வைத்தால் இன்னும் நல்லது. கூட்டம் குறைவு. கோடநாடு காட்சிமுனையிலிருந்து மாயாறு பள்ளத்தாக்கைப் பார்க்கலாம், கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களா இருக்கிறது. காலையில் எழுந்து டீ குடித்துவிட்டு இறங்கலாம்.

என் அம்மா இப்போது இல்லை. அதற்கப்புறம் இரண்டு முறை அவளைக் கூட்டிக்கொண்டு அந்தச் சாலையில் போனேன். இரண்டு முறையும் கோத்தகிரியில் நிறுத்தினேன்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு விசிட்டர் பார்க்கிங்கில் இருப்பேன். போகிற ஏழு வண்டியையும் கொண்டு வாருங்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துவிடலாம், டயரையும் ஸ்டெப்னியையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். நான் மெக்கானிக் இல்லை, சந்தேகம் என்றால் உங்கள் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும், ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறேன். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் கையேட்டையும் கொண்டு வாருங்கள்.

சுண்டல் வந்துவிட்டது போலிருக்கிறது.